இன்பமணி வைக்காத குதிரை

யுத்தம் முடிந்த மறு வருஷம், தூத்துக்குடி கடற்கரைச் சாலை வாசகசாலையின் மாடியில் சதுரங்கப் போட்டி நடந்தது. கடைசி ஆட்டத்தில் பஞ்சுக் கம்பெனி டைப்பிஸ்ட் மெட்டில்டாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் ஹெட்கிளார்க் இன்பமணி.

"தங்கச்சி, நான் கிங்ஸ் கேம்பிட்தான் ஆடுவேன்" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. "ரெண்டாம் நகர்த்தல்லயே சிப்பாயத் தூக்கிக் கொடுத்துட்டு அடிதடிதான். உயிருக்குப் பயந்தவன் ஆடுத ஆட்டம் இல்ல இது."

அந்த வாரம் வந்தவன் போனவன் எல்லாம் அதையேதான் ஆடினான். பாதிப் பேர் பத்து நகர்த்தலுக்குள் தோற்று எழுந்தார்கள். மெட்டில்டாவுக்கு அந்த வாய்வீச்சைக் கேட்டாலே குமட்டும்.

ஆனால் ஆட்டம் சூடுபிடித்ததும் அவளுக்கு வேர்த்தது. இன்பமணி சிப்பாயைக் கொடுத்தார், மந்திரியையும் கொடுத்தார். அவளுடைய ராஜா காவலில்லாமல் மூலையில் நின்றது. ராணியால் செக் வைத்தார். ராஜாவை நகர்த்திய பிறகுதான் அவள் பார்த்தாள்: அவர் குதிரையை நடுவே கொண்டுவந்தால் ஆட்டம் முடிந்தது. பதிலுக்கு அவருடைய யானையை அவள் வெட்டலாம், ஆனால் அதற்குள் அவள் ராஜா செத்திருக்கும்.

இன்பமணியின் கை குதிரைக்கு மேலே வந்து நின்றது. யானையைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். கையை இழுத்துக்கொண்டு மறுபடி ராணியால் செக். அவள் நகர்ந்தாள். அவர் ராணி பழைய கட்டத்துக்கே திரும்பி வந்து செக். மூன்றாம் முறையும் அதே நிலை வந்ததும் "டிரா" என்று கையை நீட்டினார். புள்ளிக் கணக்கில் முன்னால் இருந்தவருக்கு அரைப் புள்ளி போதும், கோப்பை அவருக்குத்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

"பொம்பளப் புள்ள அழுதுறக் கூடாதேன்னு விட்டுட்டேன்" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

மெட்டில்டா காய்களைக் கலைக்கவில்லை. "அண்ணாச்சி, இங்கன பாருங்க." அவருடைய குதிரையைத் தானே எடுத்து வைத்தாள். "இத வச்சிருந்தா மூணே நகர்த்தல்ல நான் தோத்திருப்பேன்."

இன்பமணி பலகையையே பார்த்தார். காது சிவந்தது.

"அது... நானும் பாத்தேன்."

"பாத்தியளா? பாத்துட்டுமா வைக்கல? அப்பம் இன்னும் கேவலம்லா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். போட்டி நடத்திய சங்கரபாண்டியன் அவசரமாகக் கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். போட்டோவுக்கு அவளையும் கூப்பிட்டார்.

அவள் நிற்காமல் படியிறங்கினாள். தோற்றிருந்தால்கூட இத்தனை கசந்திருக்காது. இந்த ஆளுக்கா பயந்தோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறு வருஷம் பெயர் கொடுக்கச் சொல்லி வாசகசாலைப் பியூன் வந்தான்.

"இன்பமணி அண்ணாச்சி ஆடுதாரா?"

"ஆடுதாரும்மா."

"அப்பம் என் பேர எழுதிக்கிடுங்க. மொத ஆட்டமே அவரோட போடச் சொல்லுங்க."