மெட்ராஸ் ஐ

ஆவடி குவார்ட்டர்ஸில் முருங்கைமரம் இல்லாத வீடு கிடையாது. மழை விட்டால் கம்பளிப்பூச்சி இல்லாத முருங்கையும் கிடையாது. ராத்திரியெல்லாம் மேலே ஏறி இலையை மேய்ந்துவிட்டு, விடிந்ததும் நைட் ஷிஃப்ட் முடித்தவர்களைப்போல அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும். விட்டுவைத்தால் மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, அடுத்த மழைக்கு அந்துப்பூச்சியாகப் பறந்து வந்து முட்டை வைக்கும். அதற்குமுன் ஒழித்துக்கட்டத்தான் காண்டிராக்ட் கூலிகள்.

ஈரச் சாக்கால் வழித்து மண்ணெண்ணெய் டின்னில் தள்ளவேண்டும் என்பது மேஸ்திரி லட்சுமணனின் உத்தரவு. கூலிகளில் ஒருவனான உத்தமனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கொம்பில் துணியைச் சுற்றிக் கொளுத்தி மரத்தில் காட்டினான். பூச்சிகள் பொரிந்து உதிர்ந்தன. அவற்றின் மேலிருந்த சுணைமயிர் காற்றோடு போயிற்று. காற்று போன பக்கம் குனிந்து கூட்டிக்கொண்டிருந்த கெங்கம்மாள் கண்ணைக் கசக்கினாள்.

மத்தியானத்துக்குள் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. ஊரெல்லாம் கண்நோய் பரவியிருந்த சமயம். லட்சுமணன் தள்ளி நின்றபடியே பார்த்து, மெட்ராஸ் ஐ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வேலையில் பட்டது என்றால் டிஸ்பென்சரியில் வைத்தியம். தொத்துநோய் என்றால் சம்பளமில்லாமல் வீடு. உத்தமன் அப்போது டின்னைக் கழுவிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அதில் ஒரு பூச்சிகூட விழுந்திருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், அவள் வீடு இருந்த கோவில்பதாகையிலிருந்து யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து, பாக்கிக் கூலிக்காக அவளைக் குவார்ட்டர்ஸ் கேட் அருகே விட்டுப் போனார்கள். கருவிழியில் வெள்ளை படர்ந்துவிட்டதாகக் கூட்டுகிற பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட உத்தமன் சோற்றை அப்படியே மூடிவைத்தான். நேரே மேஸ்திரியிடம் போய் நடந்ததைக் கொட்டினான்.

லட்சுமணன் நிதானமாகப் பீடியை அணைத்தார்.

"பேருக்கு ஏத்தாமாரி நடந்துக்கப் பாக்குறியா? பூச்சின்னா நான் பதில் சொல்லணும். மெட்ராஸ் ஐன்னா யாருமே சொல்லத் தேவல. போ, அடுத்த லைன்ல மரம் கீது. கொளுத்தியே முடிச்சிடு. சீக்கிரம் ஆவுதுல்ல."

உத்தமன் கேட்டுக்குப் போனான். உள்ளே வருகிறவர்கள் கெங்கம்மாளைக் கண்டதும் சைக்கிளை அந்தப் பக்கமாக ஒடித்துக்கொண்டு போனார்கள். அவளிடமாவது சொல்லிவிடுவது என்றுதான் அவன் பக்கத்தில் போய், கெங்கம்மாக்கா என்று கூப்பிட்டான். குரலை அடையாளம் கண்டு அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கிட்ட வராத நைனா. ஊட்ல கைக்கொழந்த வெச்சிகினு கீற. தொத்திக்கும்."

அவன் கிட்டே போகப் போக, அவள் சுவரைத் தடவித் தடவி நகர்ந்துகொண்டே இருந்தாள்.