ஆடி மாதம் எங்கே இருந்தீர்கள்?

என் கணவர் மகேஷ் ஒரு பொய் சொல்லிவிட்டார் என்பது, விசா அதிகாரி கேட்ட ஏழாவது கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது.

தச்சநல்லூரில் மாமனார் வீட்டு மாடி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நேர்காணலின்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று மெயிலில் போட்டிருந்தார்கள். என் மாமனார் சிவசண்முகம் தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். விதி என்றால் விதிதான் அவருக்கு. அதனால் அறைக்குள் வரவில்லை. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பேசுவது பிரெஞ்சு, உங்களுக்கு ஒன்றும் புரியாது மாமா என்று சொல்லிப் பார்த்தேன். "புரியாட்டி என்னம்மா, உன் குரலக் கேட்டாலே எப்படிப் போவுதுன்னு தெரிஞ்சிரும்" என்றார்.

மகேஷ் ஆறு வருஷமாகக் கனடாவில் இருக்கிறார். கியூபெக் மாகாணத்தில் ரிமூஸ்கி என்ற ஊரில், மரம் அறுக்கும் ஆலையில் எலெக்ட்ரீஷியன். அங்கே பால் வாங்கவும் பிரெஞ்சு, பல் பிடுங்கவும் பிரெஞ்சு. போன ஆனி மாதம் எங்களுக்குக் கல்யாணம். அவர் விமானம் ஏறிய மறுவாரமே பாளையங்கோட்டையில் ஒரு கான்வென்ட் சிஸ்டரிடம் பிரெஞ்சு படிக்கச் சேர்ந்துவிட்டேன். போகிற ஊரில் புருஷன் முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டு வாழ எனக்கு மனசில்லை. அவரும் அங்கே இரண்டு அறையுள்ள வீடாகப் பார்த்து மாறியிருந்தார். போனிலேயே என் பாத அளவைக் கேட்டுப் பனிக்கான பூட்ஸ்கூட வாங்கி வைத்துவிட்டார். இந்த நேர்காணல் சரியாகப் போனால் சேர்ந்து வாழலாம். சொதப்பினால் எத்தனை வருஷம் இழுக்குமோ, சொல்ல முடியாது.

ஆறு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். திரையில் இருந்த அந்த அதிகாரி அம்மாள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"கல்யாணத்திலிருந்து உங்கள் கணவர் புறப்பட்டது வரை ஐம்பத்தாறு நாட்கள். எங்கே வசித்தீர்கள்?"

"முதல் இருபத்திரண்டு நாள் இந்த வீட்டில். ஆடி மாதம் முழுக்க நான் ஆழ்வார்திருநகரியில் என் அப்பா வீட்டில். அவர் இங்கே. கடைசி மூன்று நாள் மறுபடியும் இங்கே சேர்ந்திருந்தோம்."

டைப் அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஐம்பத்தாறு நாளும் ஒரே வீட்டில் இருந்ததாக உங்கள் கணவர் நேற்று போனில் சொன்னாரே?"

எனக்குப் பயம். அதற்கு மேல் கோபம். முந்தின நாள் என்னிடம் என்ன சொன்னார்? "எல்லாத்தையும் நான் பாத்துக்கிட்டேன், நீ பிரெஞ்ச மட்டும் பாரு." பார்த்துக்கொண்ட லட்சணம் இது! நான் வார்த்தையை மாற்றினால் நான் பொய்க்காரி, மாற்றாவிட்டால் அவர் பொய்க்காரர். எனக்கு மாற்ற வரவில்லை.

"அவர் சொன்னது தவறு. நான் சொன்னதுதான் நடந்தது."

"புதுமணத் தம்பதி ஏன் பிரிந்திருந்தீர்கள்?"

தலை ஆடியை பிரெஞ்சில் சொல்ல சிஸ்டர் கற்றுத்தரவில்லை. கையையும் காலையும் ஆட்டித்தான் சொன்னேன். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், ஆடியில் உண்டானால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று பெரியவர்களுக்குப் பயம் என்றேன்.

"நீங்கள் இருவரும் அதற்கு ஒப்புக்கொண்டீர்களா?"

"ஒப்புக்கொண்டோம் என்று அவர்கள் நினைத்தார்கள்."

அந்த அம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திருச்செந்தூர் ரயில் ஏறுவேன், அதே ரயிலில் அவர் திருநெல்வேலியில் ஏறி வந்திருப்பார் என்று சொன்னேன். கடற்கரையில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். மழை வந்த ஒருநாள் லாட்ஜில் ரூம் கேட்டதையும் சொன்னேன். "ஆதாரில் ஆளுக்கொரு விலாசம் இருக்கிறதே, கல்யாணம் ஆனதற்கு என்ன அத்தாட்சி என்று லாட்ஜ்காரரும் உங்களைப் போலத்தான் கேட்டார். ரூம் தரவில்லை" என்றேன்.

கதவுக்கு வெளியே நாற்காலி கிறீச்சிட்டது. ஆடி, திருச்செந்தூர், லாட்ஜ். பிரெஞ்சில் சொன்னாலும் அதெல்லாம் அப்படியேதானே இருக்கும்!

"எத்தனை முறை சந்தித்தீர்கள்?"

"நான்கு."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். "உங்கள் கணவர் உண்மையைத் தன் கைப்பட எழுதி ஒரு வாரத்துக்குள் எனக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு நானே மெயில் அனுப்புகிறேன், நீங்கள் உதவக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் மேற்கொண்டு பார்ப்பேன்." திரை அணைந்தது.

வெளியே வந்தால் மாமனார் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "செவ்வாக்கிழமதோறும் பேங்குக்குல்லா போறேன்னு சொல்லிட்டுப் போனான், அந்தப் பய!" என்றார். பிறகு பைய, "சரி, அத விடு. விசா கெடச்சிருமா?" என்று கேட்டார். தெரியலை மாமா என்றேன்.

மகேஷைக் கூப்பிட்டேன்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"ஏட்டி, நீ உண்மையச் சொல்லிட்டியா? எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

"கெடுத்தது நானா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அளந்து விட்டது யாரு?"

பிறகுதான் சொன்னார்: "ஆலையில ஒருத்தங்கிட்ட ஆடியப் பத்திச் சொன்னேன். மறுநாள் ஆலையே சிரிக்குது. அதுலருந்து நான் யார்கிட்டயும் சொல்லுததில்ல. இந்த அதிகாரியும் சிரிப்பா, இதெல்லாம் ஒரு கல்யாணமான்னு கேப்பான்னு பயந்துட்டேன்."

"சிரிக்கவன் சிரிச்சிட்டுப் போறான். நாளைக்கு அங்க வந்து நாம ரெண்டு பேரும் குடும்பம் நடத்தணும். எவனாவது சிரிச்சா, என்னையும் இல்லன்னு சொல்லிருவீங்களா?"

போனை வைத்துவிட்டார். மூன்று நாள் அழைப்பே இல்லை. நானும் கூப்பிடவில்லை. விசாவை விட அந்தக் கேள்விக்குப் பதில் வராததுதான் என்னை அரித்தது.

நான்காம் நாள் மெயில் வந்தது. அதிகாரிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல். மாமனார் பக்கத்தில் நிற்க, வரி வரியாகப் படித்தேன். பிழை மலிந்த பிரெஞ்சு.

"நான் பொய் சொன்னேன். என் மனைவி சொன்னது உண்மை. ஆடி மாதம் அவள் அவளுடைய அப்பா வீட்டில் இருந்தாள். அவளைப் பார்க்க ஐந்து செவ்வாய்க்கிழமைகள் ரயிலில் போனேன்."

ஐந்தா? நான் நான்கு என்றல்லவா சொல்லியிருக்கிறேன்! அதிகாரி அதைக் குறித்தும் வைத்திருக்கிறார். இந்த மனுஷனுக்கு எண்ணக்கூடத் தெரியாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படித்தேன்.

"என் மனைவி நான்கு என்று சொல்லியிருப்பாள். மூன்றாவது செவ்வாய் அவளுக்குக் காய்ச்சல், வர வேண்டாம் என்று காலையிலேயே செய்தி அனுப்பினாள். சரி, வீட்டில் தூங்குகிறேன் என்று பதில் போட்டேன். ஆனால் போனேன். ரயில் அவள் ஊரில் இரண்டு நிமிடம் நிற்கும். இறங்கி பிளாட்பாரத்தில் நின்றேன். பிறகு ஏறித் திருச்செந்தூர் வரை போய்த் திரும்பினேன். இதை அவளிடம்கூடச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. இனி வெட்கப்பட மாட்டேன்."

எழுத்து கலங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கத் துடைக்க வழிந்துகொண்டே இருந்தது. மாமனார் பதறிப்போனார்.

"என்னம்மா, என்ன எழுதியிருக்கான்? ஒத்துப்போவுதா, இல்லையா?"

"நாலு தடவ இல்ல மாமா" என்றேன். "அஞ்சாம்."