ஒன்பதாம் நம்பர் காலி

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஒரு நாளைக்கு இரண்டு சண்டையாவது வராவிட்டால், உடம்புக்கு என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி மெத்தையில் விரிப்பதுபோல் அவள் என் கட்டிலிலும் விரிப்பின் நான்கு மூலையையும் இழுத்துச் செருகி வைப்பது எனக்குப் பிடிக்காது. நான் பல் விளக்கிக்கொண்டே பேசுவது அவளுக்குப் பிடிக்காது. என் கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அண்ணன் போன பிறகு அண்ணி வீட்டில் உனக்கென்ன வேலை என்று உறவுக்காரர்கள் அவளைக் கேட்டுப் பார்த்தார்கள். "அண்ணிக்கு ராத்திரி கதவப் பூட்ட ஞாபகம் இருக்காது, அதான் இருக்கேன்" என்றாள். என்னிடம் கேட்டவர்களுக்கு, சண்டை போட ஆள் வேண்டாமா என்று நான் சொன்னேன்.

அவளுக்கு அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. ஆறு மணிக்கு அவள் இயந்திரத்தைப் போட்டால்தான் ஒன்பது மணி ஆபரேஷனுக்குத் துணி காயும். அதற்கு, எங்கள் தெருமுனையில் ஐந்து பத்துக்கு வரும் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை விட்டால் வேறு நாதி கிடையாது. அடுத்த வண்டி ஏழு மணிக்குத்தான்.

அந்த பஸ் கிளம்புகிற டிப்போவில் நான் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது, கூட்டம் எப்படி என்று கண்டக்டர்கள் எழுதித் தருகிற ட்ரிப் ஷீட்டுகளையெல்லாம் சேர்த்து, ஒரே பட்டியலாக என் கையால் எழுதி, மாதம் ஒருமுறை தலைநகருக்கு அனுப்புவது என் பொறுப்பு. பதினோரு வருடத்தில் ஒரு மாதம்கூடத் தாமதமானதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

போன மாதம் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. பஸ்ஸுக்கான நிதியை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில் இனிமேல் புது முறையாம், கூட்டம் உள்ள தடங்களுக்கே முதலிடமாம். தலைநகருக்கு இருநூறு புது பஸ். எங்கள் ஊருக்குக் கடிதத்தில் ஒரே ஒரு வரி. ஒன்பதாம் நம்பரின் முதல் வண்டி அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படுகிறது, காரணம்: பயணிகள் இல்லை.

எனக்கு வந்ததே கோபம். கடிதத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். திட்டப் பிரிவு அலுவலர் என்று ஒருவர் எடுத்தார்.

"சார், பயணிகள் இல்லைன்னு எந்தக் கண்ணால பாத்தீங்க?" என்றேன்.

"ரெக்கார்டுல அப்படித்தாம்மா இருக்கு."

"எந்த மகராசன் எழுதுன ரெக்கார்டு அது? உங்க ஊருல ஒரு பஸ்ஸ விட்டா நாலு நிமிஷத்துல இன்னொண்ணு. இங்க ஒரு பஸ்ஸ விட்டா ஒருத்திக்கு வேலையே போயிடும். நேர்ல வந்து பாத்துட்டு எழுதுங்க சார், மேஜையில உக்காந்துக்கிட்டு எழுதாதீங்க."

வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வருகிறேன் என்று சொன்னார். அப்படிச் சொல்கிற எவரும் வந்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது நாத்தனார் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அன்று ஒரு சண்டைகூட வரவில்லை. மூன்று நாள் கழித்து, சலவைச் சோடா பட்டு வெடித்த விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"தலைநகர்ல பெரிய ஆஸ்பத்திரியில ஆள் எடுக்கறாங்களாம் அண்ணி. எங்க சூப்பர்வைசர் சொல்லிவிட்டிருக்காங்க. தங்க ரூமும் குடுப்பாங்களாம். திங்கக்கிழமைக்குள்ள போய்ச் சேரணுமாம்."

என் வாயில் அன்று சனி உட்கார்ந்திருந்தது. "போறதுன்னா போ. உன்னை யாரு இங்க புடிச்சு வெச்சிருக்கா?" என்றேன்.

அவள் எண்ணெய்ப் புட்டியை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நான் கதவைப் பூட்டினேனா என்று இரண்டு முறை எழுந்து பார்த்தேன்.

அதிசயமாக, அந்த அலுவலர் சொன்னபடியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும், முதுகில் ஒரு பை, கையில் ஒரு நோட்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு டிப்போவில் வந்து நின்றவரைப் பார்த்ததும் போனில் திட்டியது கொஞ்சம் உறுத்தியது. நானும் அவரோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். கண்டக்டர் எங்கள் பீப்பி. பத்தடி நகர்வதற்குள் மூன்று முறை விசில் ஊதுவதால் அவருக்கு அந்தப் பெயர்.

முதல் நிறுத்தத்தில் துப்புரவுப் பணியாளர்கள் பத்துப் பேர் ஏறினார்கள். அடுத்ததில் ஆஸ்பத்திரி சமையலறைப் பெண்கள், வாட்ச்மேன், மூன்று நர்சுகள். எல்லோரும் பாஸ் வைத்திருப்பவர்கள், டிக்கெட் மிஷினுக்கு வேலையே இல்லை. எங்கள் தெருமுனையில் நாத்தனார் ஏறினாள். அதற்குள் இருக்கை எல்லாம் நிறைந்துவிட்டது. இரண்டு பேர் இருக்கையில் இருந்தவர்கள் ஒருக்களித்து இடம் விட, மூன்றாவதாக உட்கார்ந்தாள். அலுவலர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாட்ச்மேன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க தம்பி. இந்த வண்டியில யாரும் நிக்கிறதில்ல."

"பரவால்லங்க, எனக்குப் பழக்கம்தான்."

"உங்களுக்குப் பழக்கம். ஆஸ்பத்திரி வளைவுக்குப் பழக்கமில்ல. நிக்கிற ஆளை நேரா எமர்ஜென்சிலயே எறக்கி விட்டுடும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. மெய்தான். அந்த வளைவில் நின்றவர்கள் விழுந்து கைகாலை முறித்துக்கொண்டது உண்டு. அதனால் ஒன்பதாம் நம்பரில் மட்டும், எத்தனை பேர் ஏறினாலும் நெருக்கிக்கொண்டு, மடியில் உட்காரவைத்தாவது எல்லோரையும் உட்கார வைத்துவிடுவார்கள். அலுவலர் என் நாத்தனார் இருந்த இருக்கையிலேயே நான்காவது ஆளாக ஒட்டிக்கொண்டார்.

"உங்க ஊரு பஸ்ஸுல உக்காந்து போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள் அவள்.

"எட்டு வருஷமா நின்னுக்கிட்டுதாங்க போறேன்."

"அப்ப இன்னிக்கு நல்லா உக்காந்துக்கோங்க. அடுத்த மாசம் இந்த வண்டி இருக்காது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக எண்ண ஆரம்பித்தார். நாற்பத்து நான்கு இருக்கையில் அறுபத்தொரு பேர். எண்ணி முடித்தவர் நிமிர்ந்தபோது வளைவு வந்துவிட்டது.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "காலியா?" என்று கேட்டார்.

பீப்பி இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையை ஒருமுறை பார்த்துவிட்டு, "காலி, போலாம்" என்று குரல் கொடுத்தார். வண்டி திரும்பியது. பீப்பி காதிலிருந்த பேனாவை எடுத்து ட்ரிப் ஷீட்டில் எழுதினார்.

அலுவலருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, இப்ப என்ன எழுதுனீங்க?"

"கூட்டம் எப்படின்னு ஒரு கட்டம் இருக்குல்ல சார், அதுல எழுதுனேன்." பீப்பி ஷீட்டைக் காட்டினார். காலி.

"அறுபத்தோரு பேர் இருக்காங்களே."

"இருக்காங்க சார். ஒருத்தரும் நிக்கல. அதான் காலி."

அலுவலர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடைபாதை காலி என்பதைத்தான் எங்கள் டிப்போவில் காலி என்போம். அது வேறு யாருக்காவது வேறு மாதிரி கேட்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. பதினோரு வருடமாக, ஒரு மாதம்கூடத் தாமதமில்லாமல், என் குண்டு குண்டான எழுத்தில், ஒன்பதாம் நம்பர் காலி, காலி, காலி என்று தலைநகருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது நான். போனில் கேட்டேனே எந்த மகராசன் என்று, அந்த மகராசி நான்தான்.

டிப்போவுக்குத் திரும்பி வந்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"தப்பு உங்க மேல மட்டும் இல்லம்மா. எங்க ஊருல நிக்கிற ஆளுங்கள வெச்சுத்தான் கூட்டத்தை அளக்கறோம். அதே அளவுகோல எல்லா ஊருக்கும் அனுப்பிட்டோம்."

"எங்காளுங்க நெருக்கி உக்காந்தது தப்பாப் போச்சா சார்?"

"இல்ல. நாங்க கேட்ட கேள்விதான் தப்பு." அவர் நோட்டில் அறுபத்தொன்று என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். "மூணு மாசத்துக்கு வண்டி ஓடும், அந்த உத்தரவை அதுவரைக்கும் என்னால நிறுத்தி வைக்க முடியும். தலையை எண்ணி அனுப்புங்க. அதுக்கப்புறம் முடிவு மேல இருக்கவங்க கையில. சத்தியம் பண்ண முடியாது."

ஏமாற்றாமல் பேசினார். அதனாலேயே கலக்கமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நாத்தனார் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். துணிகள் எல்லாம் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அளவெடுத்தது போல் மடித்து அடுக்கியாகிவிட்டது. என் கட்டிலில் புது விரிப்பு போட்டு நான்கு மூலையையும் செருகியிருந்தாள்.

"உன் பஸ்ஸ நிறுத்துனது நான்தான்டி" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள்.

"பதினோரு வருஷமா என்னையும் சேத்துக் காலின்னு எழுதியிருக்கீங்க. உக்கார எடமில்லாம நசுங்கிக்கிட்டு நான் போறேன், இங்க அண்ணி என்னை ஆளே இல்லன்னு எழுதறாங்க."

"மூணு மாசம் ஓடுமாம்."

"அப்புறம்?"

"தெரியாது."

அவள் சிரிப்பு நின்றது. பெட்டியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "இந்தத் திங்கக்கிழமை போகலன்னா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும் அண்ணி. மூணு மாசம் கழிச்சு பஸ்ஸும் இல்லன்னா ரெண்டும் இல்லாம நிக்கணும்."

அவள் சொன்னதில் பிழையே இல்லை. போ என்று சொல்வதுதான் நியாயம். அந்த நியாயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போகாத" என்றேன். "பஸ் இல்லன்னா ரெண்டு பேருமா நாலு மணிக்கு எந்திரிச்சு நடப்போம். எனக்கு உன்னை விட்டா யாரும் இல்ல. நீ போனா வீடே காலி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டாள், ஆனால் கை பெட்டியின் மேலேயே நின்றுவிட்டது.

"எந்தக் காலி அண்ணி? உங்க டிப்போ காலியா, தலைநகர் காலியா?"

"தலைநகர் காலி" என்றேன்.

அவள் பெட்டிக்குள் கையை விட்டு, அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைக்க ஆரம்பித்தாள். பல் விளக்கும்போது இனிமேல் பேசக் கூடாது என்று மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்.