சாம்பல் குளியல்

காலையில் எழுந்ததும் முதலில் ஏசி அறையின் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்ப்பேன். முள் இருபதை ஒட்டி நின்றால் மூச்சு விடலாம். பிறகு கூண்டின் அடித்தட்டை உருவிக் கூட்ட வேண்டும். புழுக்கை காய்ந்து, அரிசி மணியைவிடப் பெரிதாக இருந்தால் வயிறு நன்றாக இருக்கிறது. சிறுத்திருந்தால் சாப்பிடவில்லை என்று அர்த்தம். தண்ணீர்க் குப்பியின் நுனியை விரலால் தட்டி, சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். காய்ந்த புல் கை நிறைய. கடிக்க ஒரு கொய்யாக் குச்சி. சின்சில்லாவுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளரும். தேய்க்க எதுவும் இல்லையென்றால் அந்தப் பல்லே வாயைக் குத்தி, தின்ன முடியாமல் பட்டினி கிடந்து சாகும்.

இதெல்லாம் என் கணவர் பெலிக்ஸ் சொல்லிக்கொடுத்தது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் குளிரூட்டும் பிளான்ட் அவர் பொறுப்பில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே ஏசி மாட்டும் வேலைக்குப் போவார். சேத்தூர் போகும் வழியில் ஒருவன் தோப்பு வீட்டை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டுப் பிராணிகளை வளர்த்து விற்றுக்கொண்டிருந்தான். ஒரு நாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிட்டான். வீட்டுக்காரர் ஏசியைக் கழற்ற பெலிக்ஸைக் கூப்பிட்டார். கழற்றப் போனவர் பின்னறையில் கூண்டுகளைப் பார்த்திருக்கிறார். கரண்டைத் துண்டித்து எத்தனை நாளாயிற்றோ. அநேகமாக எல்லாமே விறைத்துக் கிடந்தன. உயிரோடு இருந்தவை இரண்டுதான். அதிலும் ஒன்றின் காதை மற்றது பசியில் கடித்திருந்தது. ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்து, இரண்டையும் தன் ஸ்பேனர் பையில் கொண்டுவந்தார்.

முயலுக்கும் அணிலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று போல இருந்தன. பெரியதற்குச் சாம்பு என்றும், காது போனதற்குச் சுண்டு என்றும் அவர்தான் பேர் வைத்தார். எங்கோ தென் அமெரிக்க மலைக்குளிரில் உண்டான சாதி. தொட்டால் விரல் புதையும் அளவுக்கு ரோமம். எங்கள் ஊர் வெயிலில் ஒரு மதியம் போதும், முடிந்துவிடும். படுக்கையறையையும் அதிலிருந்த ஏசியையும் அவற்றுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் காற்றாடிக்கு அடியில் படுத்தோம். அந்த அறையின் வாசலில் யார் வந்து நின்று எட்டிப் பார்த்தாலும் பெலிக்ஸ் ஒன்றைத்தான் சொல்வார். “உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க. நடுவுல நிக்காதீங்க. குளிரு போயிரும்.” வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரிடமும் இதையே சொன்னார். சாமியார் அவசரமாக உள்ளே வந்தார்.

சாயங்காலம் குளியல். தண்ணீர் ஆகவே ஆகாது. அந்த ரோமத்துக்குள் போன தண்ணீர் வெளியே வராது. உள்ளேயே நின்று, குளிரெடுத்து, தோலை அழுகவைத்து உயிரைக் கொண்டுபோகும். எரிமலைச் சாம்பலை மாவாக அரைத்து விற்கிறார்கள். பெங்களூரிலிருந்து பார்சலில் வரும். அதை ஒரு மண்சட்டியில் கொட்டி உள்ளே வைத்தால், இரண்டும் மாறி மாறி இறங்கிப் புரண்டு, உதறி, மறுபடி புரளும். வேலை எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்குப் பெலிக்ஸ் போன் செய்வார். “குளிப்பாட்டியாச்சா?” எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே இல்லாமல் போயிருந்தது.

அவருடைய அக்கா பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். புருஷன் போய்ப் பல வருடமாயிற்று, மகன் ராணுவத்தில். கிறிஸ்துமசுக்கு வந்தவர், அந்த அறைக்குள் நின்று சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே பெலிக்சு, என்னலே இது, பெருச்சாளி சாம்பல்ல உருளுது?”

“குளிக்குதுக்கா. அதுக்குத் தண்ணியே இதான்.”

“நமக்கெல்லாம் வருசத்துக்கு ஒரு திருநீற்றுப் புதன். ஒன் வீட்டுல தெனமும் திருநீற்றுப் புதனா?”

தவக்காலம் தொடங்கும் அன்று சாமியார் எங்கள் நெற்றியில் சாம்பல் பூசுவார். அதைத்தான் மதினி சொன்னார். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அப்போது மதினி என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு என்னமோ பேரு சொன்னியே?”

“சின்சில்லா, மதினி.”

“பிரிஸ்கில்லாவுக்குச் சின்சில்லா. பேரு நல்லாத்தான் பொருந்துது. வயித்துல வராதது ஸ்பேனர் பையில வந்துருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. பெலிக்ஸ் சாம்பல் சட்டியைத் தூக்கி மேலே வைத்தார்.

வெயில் தொடங்கியதும் மதினியின் போன் தொடங்கிற்று. எலிக்கு ஏசி, கூடப்பிறந்தவளுக்கு விசிறியா? செத்தால் ஐஸ் பெட்டியிலாவது குளிர வைப்பாயா? தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்லட்டும்? தினமும் இதே பேச்சு. பெலிக்ஸ் ஓட்டமாக ஓடி நல்ல நிலையில் இருந்த பழைய ஏசி ஒன்றைப் பிடித்தார். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். சாம்புவும் சுண்டுவும் தனியாக இருக்க முடியாது என்பதால் நான் வீட்டில் இருந்தேன். கரண்ட் போனால் ஐஸ் பாட்டில் வைக்க ஆள் வேண்டும்.

முற்பகலில் போன் செய்தார்.

“தனுஷ்கோடி இன்னிக்கு வரலட்டி. ஒத்தையில சன்சேடுல எறங்கக் கூடாது, கயிறு பிடிக்க ஆளு வேணும். நாளைக்கு மாட்டுதேன்னா அக்கா கேக்க மாட்டேங்கா. ரெண்டு போல்ட்டுக்குக் கூட்டம் கூட்டணுமாங்கா.”

“அப்ப வந்துருங்க.”

“இம்புட்டுத் தூரம் வந்தாச்சே. செத்த நேரத்துல முடிச்சிட்டு வாரேன். குளிப்பாட்டிரு, என்ன?”

தனுஷ்கோடி அவருடைய ஹெல்பர். சன்சேடின் கான்கிரீட் உள்ளே துருப்பிடித்து உளுத்திருந்ததாம். மாடியிலிருந்து ஏணி வைத்து இறங்கி, பிராக்கெட்டை மாட்டி, அவுட்டோர் யூனிட்டைத் தூக்கி வைத்துவிட்டு, கடைசி போல்ட்டை முறுக்கும்போது இடிந்துவிட்டது. யூனிட் சுவரில் பத்திரமாகத் தொங்கியது. அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் படியும் நீரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். முகம் தெரிய வேண்டுமே. மதினி தலையிலும் நெஞ்சிலும் அடித்துக்கொண்டு அழுதார். சன்சேடில் இறங்காதே என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன், கேட்காமல் அவனாகவே இறங்கினான் என்று வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான் தலையைத் தூக்கவில்லை. பின்னால் இருந்த பெண்கள் பேசியது காதில் விழுந்தது.

“பொண்டாட்டி கண்ணுல ஒரு சொட்டு இல்ல பாத்தியா?”

“கல்லு. பெத்திருந்தாத்தான தெரியும்.”

தேவாலயத்துக்குப் பெட்டியை எடுக்கும்முன் ஏசி அறையை எட்டிப் பார்த்தேன். இரண்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கதவைச் சாத்தி, திறக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மதினி மூட்டு வலி என்று கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை. வீட்டைக் கழுவிவிட ஆள் வேண்டும், நான் இருக்கிறேன் என்றார். எங்கள் பக்கத்தில் உடல் வெளியேறியதும் வீடு முழுக்கக் கழுவி, வீட்டில் இருக்கிற எல்லாரும் தலைக்கு ஊற்றுவது வழக்கம்.

திரும்பி வந்தபோது வாசல்படி வரை பினாயில் வாடை. ஏசி அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. தரை ஈரம். கூண்டு இல்லை.

பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி ஓடி வந்தாள். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண். கோபத்தில் அவளுக்கு இரண்டும் கலந்து வரும்.

“மாடிக்குப் போங்கக்கா, சீக்கிரம். ‘வத்து, வத்து, வேண்டாம்’னு சொவத்துக்கு மேல நின்னு கத்துனேன். காதுலயே வாங்கலக்கா ஒங்க மதினி. வாலப் பிடிச்சித் தூக்கி வாளியில முக்குனாவ. சோப்பு வேற போட்டாவ.”

மொட்டை மாடியில் நடுவெயிலில் கூண்டு இருந்தது. அடித்தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரோமம் எல்லாம் ஒட்டிப்போய், இரண்டும் என் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தன. இவ்வளவு சின்ன உடம்பா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. சுண்டு ஒருக்களித்துக் கிடந்தது. பல் தெரிந்தது. சாம்பு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. தூக்கியபோது ரோமம் கொத்தாக என் கையோடு வந்தது. பயந்தால் பிடித்தவன் கையில் ரோமத்தை விட்டுவிட்டு ஓடும் பிராணி அது. அப்போது ஓடவில்லை.

கீழே கொண்டுவந்து ஏசியைப் போட்டேன். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஒரு கட்டு பெலிக்ஸ் வாங்கி வைத்திருந்தார். கிழித்துக் கிழித்து ஒற்றினேன். ஒற்ற ஒற்ற நனைந்தது. கூந்தல் ஈரத்தோடு மதினி வந்து நின்றார்.

“என்னட்டி பண்ணுத? பொணம் எடுத்த வீடு. எல்லாரும் தலைக்கு ஊத்தியாச்சு. அதுகளுக்கு மட்டும் தீட்டு இல்லையா? புருசனும் பொண்டாட்டியும் தெனமும் ‘குளிப்பாட்டியாச்சா, குளிப்பாட்டியாச்சா’ம்பீய. நானும் குளிப்பாட்டுனேன். காயட்டும்னு வெயில்ல வச்சேன்.”

பிறகு சுண்டுவை மாடியிலிருந்து யாரோ எடுத்து வந்து, ஒரு செய்தித்தாளில் என் முன்னால் வைத்தார்கள். குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். தரையில் முட்டிக்கொண்டு அழுதேன். பெலிக்ஸ் பேரைச் சொல்லித்தான் அழுதேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்தது கையில் இருந்ததை.

“புருசனுக்கு வராத அழுகை, எலிக்கு வருது பாருங்க.”

அந்த வாக்கியம் இன்றைக்கும் எங்கள் தெருவில் புழக்கத்தில் இருக்கிறது.

சாம்பு பிழைத்தது. பெல்லட் தீனியை ஊறவைத்துக் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொடுத்தேன். துப்பும், மறுபடி கொடுப்பேன். முதுகில் பாதி வழுக்கையாகிவிட்டது. சுண்டு படுக்கும் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் சட்டியை வைத்தால் கிட்டவே வராது. வாளி என்று நினைத்ததோ என்னவோ. தினமும் வைத்தேன். தினமும் புரளாத சாம்பலை வெளியே எடுத்தேன். தோல் பிசுபிசுப்பு ஏறி, வழுக்கையின் ஓரங்கள் சிவக்கத் தொடங்கின. இது குளிக்காவிட்டால் பிழைத்ததும் வீண் என்று தெரிந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாப்பிட்டவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். மதினி மட்டும் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று தங்கினார். நான் ஏசி அறையில் சட்டியை வைத்துவிட்டு, எட்டத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். சாம்பு முதல் தடவையாகச் சட்டியின் விளிம்பில் முன்னங்கால்களை வைத்தது. கதவு திறந்தது. மதினி நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். வெளிச்சூடு என் முகத்தில் அடித்தது. சாம்பு காலை எடுத்துவிட்டது.

“இன்னும் சாகலையா இது?”

நான் வெப்பமானியைப் பார்த்தேன்.

“நான் வேணும்னே செஞ்சேன்னு சொல்லிட்டுத் திரியுதியாமே. அது தண்ணியில குளிக்காதுன்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?”

“திருநீற்றுப் புதன்னு சொன்னது நீங்கதான மதினி.”

மதினி குரலை உயர்த்தினார்.

“ஆமா, தெரியும். எந்தம்பியத் தின்னது இதுகதான? எலிக்கு ஏசி போடலேன்னா நான் ஏசி கேட்டிருப்பனா? நான் சொல்லச் சொல்ல அவனாத்தான் எறங்குனான்.”

“அவிய போன் பண்ணாவ மதினி. தனுஷ்கோடி வரல, நாளைக்கு மாட்டுதேன்னா அக்கா கேக்கலன்னு சொன்னாவ. ரெண்டு போல்ட்டுக்குக் கூட்டம் எதுக்குன்னு கேட்டீயளாம்.”

அவருக்கு அந்தப் போன் தெரியாது. ஒரு மாதமாக ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி, தானே நம்பத் தொடங்கியிருந்த ஒன்று முகத்திலிருந்து உரிந்து வருவதைப் பார்த்தேன். சாம்புவின் ரோமம் என் கையோடு வந்த மாதிரி வந்தது. நிலையைப் பிடித்தபடியே வழுக்கி, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக மடங்கினார்.

“யார்ட்டயும் சொல்லிட்டியா?”

“இல்ல.”

“ஏணிய நான் கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன் பிரிஸ்கில்லா. சத்தியமாட்டு. அந்த ஏசிப் பெட்டி இன்னும் அங்கயேதான் தொங்குது. கழட்ட ஆளு வர மாட்டேங்காவ. வாசல்ல எறங்க முடியல என்னால.” மூச்சு வாங்கினார். “தல சுத்துது. செத்த நேரம் இப்பிடியே ஒக்காந்துக்கிடுதேன்.”

வெப்பமானி முள் இருபத்து நாலைத் தொட்டிருந்தது. சாம்புவின் காது நரம்புகள் சிவந்திருந்தன. சூடு ஏறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மதினி அழத் தொடங்கியிருந்தார். சாவு வீட்டில் அழுத அழுகை இல்லை இது. சத்தமே இல்லை.

நான் எழுந்து கதவின் கைப்பிடியைப் பிடித்தேன்.

“உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க மதினி. நடுவுல நிக்காதீங்க. குளிரு போயிரும்.”

அது யாருடைய பேச்சு என்று அவருக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம், நான் கை நீட்டுவேன் என்று பார்த்தார். பிறகு உள்ளே இருந்த காலை இழுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினேன்.

முள் இறங்கும் வரை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். சாம்பு மறுபடி சட்டிக்கு வந்தது. மோந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, புரண்டது. வழுக்கை முதுகு சாம்பலில் மறைந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மதினி தண்ணீர் கேட்டது காதில் விழுந்தது. இரண்டு தடவை கேட்டார்.

சாம்பு குளித்து முடிக்கும் வரை நான் கதவைத் திறக்கவில்லை.