அவருகிட்டச் சொல்லுங்க, அம்மணி

அன்புக்கரசிக்கு வந்த கோபத்தில் கழுத்தில் தொங்கிய அந்தப் பெட்டியைக் கழற்றி மேலாளரின் மேசைமேல் எறிந்திருப்பாள். ஆனால் அது யுஸ்ரா என்ற கல்லூரிப் பெண்ணின் ஆராய்ச்சிச் சாமான். போனால் போகிறது என்று பொறுத்துக்கொண்டாள்.

தீப்பெட்டி அளவுதான் இருக்கும். சிங்காநல்லூரில் இருந்த அந்தப் பம்புசெட் கம்பெனியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு பேர் கழுத்திலும் ஒரு மாதமாக அது தொங்கியது. யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கணக்கெடுக்குமாம். என்ன பேசினார்கள் என்பதைப் பதியவே பதியாதாம். கூட வேலை பார்ப்பவர்கள் சகஜமாகப் பேசிக்கொள்வதைப் பற்றிய ஆராய்ச்சி, பெயர் வராது, நம்பரும் எந்த மேசை என்பதும்தான் வரும் என்று யுஸ்ரா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். நம்பர் போட்டால் என்ன? லோடு அனுப்பும் மேசையில் இருப்பது அன்புக்கரசி ஒருத்திதான் என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

மேலாளர் பிரவின்குமார் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். யுஸ்ரா அனுப்பிய படம். திரை நிறையப் புள்ளிகள், கோடுகள். நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு வட்டம்.

"இது நீங்கதானுங்க. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பேசறீங்க. பாதி சாமுவேல்கிட்ட, பாதி காளிச்சாமிகிட்ட. உடுமலைப்பேட்டை டிப்போவுக்கு ஒரு ஆள் வேணும். ஒண்ணாந்தேதியில இருந்து அங்க போயிருங்க."

உடுமலைப்பேட்டை என்றால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும், இருட்டியபின் வீடு திரும்ப வேண்டும். மகளுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ.

"அது அரட்டை இல்லீங்க சார். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லீங்க. ஒருத்தர் சொல்றத இன்னொருத்தருக்கு நாந்தானுங்க சொல்லோணும்."

சொன்னது முழு உண்மை. சாமுவேல் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், காளிச்சாமி உற்பத்திப் பிரிவு. இரண்டு மேசைக்கும் நடுவில் இவள் மேசை. இரண்டு வருஷத்துக்கு முன்பு காளிச்சாமி தன் மகள் கல்யாணப் பத்திரிகையைச் சாமுவேலுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து தாம்பூலத்தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. அழைக்காத கல்யாணத்துக்கு எப்படிப் போவது என்று சாமுவேல் போகவில்லை. கல்யாணத்துக்கு வராதவரோடு என்ன பேச்சு என்று காளிச்சாமி வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து, "அம்மணி, பேரிங் வரலைன்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்பார் ஒருவர். "எப்ப வருமுன்னு கேளுங்க, அம்மணி" என்பார் மற்றவர். ஆறடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு! இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் இவள் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் அது சொன்னதாகும்.

மேலாளர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லையாமா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்," என்றார் காளிச்சாமி.

"நல்லாத்தானுங்க பேசிக்கறோம்," என்றார் சாமுவேல்.

வெளியாள் முன்னால் மனஸ்தாபத்தைக் காட்டுவது இருவருக்கும் கௌரவக் குறைச்சல். அந்தக் கௌரவத்துக்கு அவள் தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில் தொங்க வேண்டும். இரண்டு வருஷம் இவர்களுக்காகத் தொண்டை வறண்டதற்கு இதுதான் மரியாதை!

"அப்படீங்களா?" என்றாள். "அப்ப இங்கயே ஒரு வார்த்தை பேசுங்க. சார் பாக்கட்டும்."

காளிச்சாமி மின்விசிறியைப் பார்த்தார். சாமுவேல் சட்டைப் பொத்தானைத் திருகினார். மேலாளர் காத்திருந்தார். கடைசியில் சாமுவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"மொதல்ல அவரைப் பேசச் சொல்லுங்க, அம்மணி."

"நான் எதுக்குப் பேசோணும்னு கேளுங்க, அம்மணி," என்றார் காளிச்சாமி.

பிரவின்குமார் சிரித்த சிரிப்பில் டீ மேசையெல்லாம் கொட்டியது. துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரிங்க, இங்கயே இருங்க. ஆனா பெட்டி இன்னொரு மாசம் இருக்கும். அப்பவும் இதே படம் வந்தா, மேல இருக்கறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாதுங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே போய்த் தன் மேசையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து ஜன்னலோரம் போட்டாள், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இப்போது அந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவில் வெறும் தரைதான்.

"அம்மணி," என்றார் சாமுவேல். அவள் திரும்பவில்லை.

"அம்மணி, பவானி லோடுக்குப் பேக்கிங் பெட்டி..." என்றார் காளிச்சாமி. அவள் ரசீதுகளை அடுக்கினாள்.

அரை மணி போனது. வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். லோடு ஏற்றாமல் வண்டி கிளம்பாது. இன்னொரு முறை அடித்தான். அவளுக்கே எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க," என்றது காளிச்சாமியின் குரல். பெயர் இல்லை. யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டதாக இருக்கலாம். அவள் அசையவில்லை.

"ஏனுங்க, உங்களைத்தானுங்க."

நாற்காலி கிரீச்சிட்டது.

"சொல்லுங்க," என்றார் சாமுவேல். "எத்தனை பெட்டி வேணும்?"

அவ்வளவுதான். இந்த ஒரு 'ஏனுங்க'வுக்குத்தானா இரண்டு வருஷம்? அன்புக்கரசிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கையிலிருந்த ஸ்டேப்ளரை இருவரில் யார் தலையில் போடுவது என்றுதான் தெரியவில்லை.