சம்பந்தி திருகிய பக்கம்

என் வாய் சும்மா இருக்காது என்பது வீட்டுக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியும், மகள் கல்யாணத்தன்று சம்பந்திக்கும் தெரிந்துபோனது. மண்டப வாசலில் வண்டி நிறுத்துகிற இடத்துக்காக நாங்கள் இருவரும் போட்ட சத்தத்தில், சமையல்கட்டில் இருந்தவர்கள்கூட வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். நியாயம் என் பக்கம்தான், அது வேறு விஷயம். அதன்பிறகு எங்கள் பேச்சுவார்த்தையெல்லாம் பிள்ளைகள் மூலமாகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் இருவரும் ஒன்றாக மாட்டிக்கொண்டோம். மாப்பிள்ளை அன்றும் வேலைக்குப் போய்விட்டார். மகள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, மாமா எது சொன்னாலும் சரின்னு சொல்லுங்க. தப்பா சொன்னாலும் சரின்னே சொல்லுங்க. சண்டை போட்டுட்டு நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவீங்க. இடையில கிடந்து தவிக்கிறது நான்தான்."

அவள் கண் கலங்கியிருந்தது. வாயே திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவளுடைய பழைய காரைக் கிளப்பினாலே கீச்சென்று கத்தும். எஞ்சின் பெல்ட் தேய்ந்துவிட்டது. புது பெல்ட் வாங்கி வைத்திருந்தாள். ஒரேயொரு போல்ட்டைத் தளர்த்தினால் மாற்றிவிடலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று இருவரும் முன்சக்கரத்தைக் கழற்றினோம்.

"நீங்க பாருங்க சம்பந்தி."

"நீங்க இருக்கும்போது நானா? நீங்களே பாருங்க."

காபி ஆறுகிறவரை இதே பல்லவி. கடைசியில் நானே பானெட்டுக்குள் தலையைவிட்டேன். போல்ட்டின் தலை சக்கரத்துப் பக்கம் திரும்பியிருந்ததால் மேலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. கையை வளைத்துத் தடவித்தான் ஸ்பேனரை மாட்ட வேண்டும். சக்கரம் இருந்த இடைவெளியில் சம்பந்தி குந்தி டார்ச் பிடித்தார். துருவேறிய போல்ட், ஆயில் விட்டும் அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்து இழுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"பிரமாதமா பண்றீங்க," என்றார் சம்பந்தி. "கொஞ்சம் ஓய்வெடுங்க, நான் பார்க்கறேன்."

இடம் மாறினோம். அவர் மேலே முக்கினார், நான் கீழே டார்ச் பிடித்தேன். போல்ட் என் மூக்குக்கு நேரே இருந்தது. மனுஷன் குழாயை இறுகுகிற பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

தொண்டைவரை வந்ததை விழுங்கினேன்.

"அப்படித்தான், அப்படித்தான்," என்றேன். இவ்வளவு பெரிய பொய்யை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இன்னும் ஒரு இழுப்பு, போல்ட் தலை வேறு முண்டம் வேறு ஆகிவிடும். அப்புறம் எஞ்சினையே இறக்க வேண்டியதுதான். அவர் மறுபடியும் மூச்சை இழுத்தார்.

"யோவ், நிறுத்துய்யா! கண்ணு தெரியலையா? இறுக்கிக்கிட்டு இருக்கியே."

தெருவுக்கே கேட்டிருக்கும். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. மகள் குடித்தனத்துக்கு நானே கொள்ளி வைத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சம்பந்தி மேலிருந்து மெதுவாக எட்டிப் பார்த்தார்.

"தெரியுமே," என்றார். "மேலேயிருந்து பார்த்தா திசை தலைகீழா மாறிடும், நீங்களும் இந்தப் பக்கம்தானே இழுத்தீங்க. டார்ச் பிடிச்சப்பவே பார்த்தேன். நான் மாத்தி இழுத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். பயப்படாதீங்க, நான் எங்கே இழுத்தேன், வெறுமனே முக்கினேன். சண்டை வரக்கூடாதுன்னு காலையிலேயே உங்க பொண்ணு என்கிட்ட வாக்கு வாங்கிட்டா."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா, என் முதுகு போச்சு."

"நீ மட்டும் அப்படித்தான், அப்படித்தான்னு தாளம் போடலியா?"

இருவரும் சேர்ந்து குழாயைப் பிடித்து மறுபக்கம் இழுத்தோம். டக்கென்று ஒரு சத்தம். போல்ட் இளகியது, நாங்கள் தரையில் விழுந்தோம்.

மகள் ஓடி வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, அப்பா ஏதாவது சொல்லிட்டாரா?"

"யோவ்னு சொல்லிட்டாரும்மா," என்றார் அவர், எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு. "இனிமே எங்க சண்டையை நாங்களே போட்டுக்கறோம். நீ நிம்மதியா இரு."