நடுங்காத கை

பதினொரு வருஷமாக அக்கா தம்பிக்கு முக்கால் தம்ளர் தேநீர்தான் கொடுத்து வந்தாள். விளிம்பு வரை ஊற்றினால் வாய்க்குப் போகிறதில் பாதி சட்டைக்குப் போய்விடும். கை நடுக்கம். வயசுக் கோளாறு இல்லை, அவனுக்கு முப்பத்தெட்டுதான். மாத்திரை செய்த வேலை. நோயை அடக்கி வைத்த அதே மாத்திரை விரல்களையும் ஆட்டி வைத்தது.

அதற்கு முன்னால் அவன் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயதில் மனசு கட்டறுத்துக்கொண்டது. நாலு நாள் கண் மூடாமல் வாசித்தான். ஐந்தாம் நாள் காலையில் தெருவிலிருந்த ஒவ்வொரு கதவையும் தட்டி, சகல வியாதியையும் தீர்க்கிற ஒரு மெட்டு தனக்குக் கிடைத்துவிட்டதாகச் சொன்னான். பிறகு மாசக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். இப்படி ஏறுவதும் விழுவதுமாக ஒன்றரை வருஷத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரி. பெற்றவர்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அக்காவுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் அந்த நாட்களில் மெல்ல நழுவிப் போனது. அவளும் அதை விரட்டிக்கொண்டு ஓடவில்லை.

மூன்றாவது தடவை கொடுத்த மாத்திரை ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான்: இதில் யாரும் கை வைத்துவிடக் கூடாது. டாக்டர் ஒவ்வொரு முறையும், "கை நடுங்குதா?" என்று கேட்பார். "கொஞ்சம்" என்பான் தம்பி. அக்கா வாயே திறக்க மாட்டாள். வயலின் பெட்டி பீரோவுக்கு மேலே ஏறி, பழைய போர்வைகளுக்குக் கீழே போய்விட்டது.

அக்காவுக்கு உலர்சலவைக் கடையில் இஸ்திரி வேலை. கோட்டுக் காலரை நீராவி விட்டு நிமிர்த்துவதில் அவளை அடிக்க ஆளில்லை என்று கடையில் பேச்சு. நாள் முழுக்க நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்தால் தம்பி காலையில் உட்கார வைத்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பான். வம்பு இல்லை, அழுகை இல்லை. இருக்கிறான், அவ்வளவுதான். இதுவே போதும் என்று அவளும் மனசைப் பழக்கி வைத்திருந்தாள்.

மனநலப் பகல் மையத்தில் செவ்வாய், வெள்ளி மதியம் வாத்தியங்களோடு பாட்டு வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னபோது தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கிலுகிலுப்பை ஆட்ட நான் என்ன கைக்குழந்தையா?"

"ஒரு நாள் போய்ப் பாருடா. பிடிக்கலைன்னா விட்டுடு."

"அங்க இருக்கிறவங்க எல்லாம் பைத்தியம்க்கா."

"சரி, நீ போய் அவங்களுக்கு வைத்தியம் பாரு."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் செருப்பைத் தேடினான்.

முதல் நாள் அவளும் கூடப் போனாள். மாடியில் நீளமான அறை. பச்சைப் பெயின்ட் உரிந்த சுவர், வட்டமாகப் போட்ட பத்துப் பன்னிரண்டு நாற்காலி. மூலையிலிருந்த இரும்பு அலமாரியில் சின்னச் சின்ன வாத்தியங்கள். நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயசிருக்கும். இசையை வைத்து நோயாளிகளைத் தேற்றும் படிப்பு படித்தவள். அங்கே எல்லாருக்கும் அவள் 'டீச்சர்'. பக்கத்து நாற்காலியில் பெரிய உடம்போடு ஒருவர் மத்தளம் மாதிரி ஒன்றை மடியில் வைத்திருந்தார். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர், அதனால் பெயரும் டிரைவர்தான். அவருக்குக் காதுக்குள் யாரோ ஓயாமல் திட்டிக்கொண்டே இருப்பார்களாம்.

"இதை அடிச்சா மட்டும் கம்முனு இருக்காங்க" என்று அவர் தம்பியிடம் விளக்கினார். "கேக்கறாங்களோ என்னவோ."

டீச்சர் தம்பி கையில் மணல் அடைத்த ஒரு குப்பியைக் கொடுத்தாள். அவன் ஆட்டவே இல்லை. விரல் நடுக்கத்தில் அது தானாகவே சலசலத்தது. தம்பி குப்பியைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான்.

"நல்ல ஆளைப் பாத்துத்தான் கொடுத்தீங்க. எனக்கு வேலையே இல்லை."

டிரைவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அவன் பல்லைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள், பிடிபடவில்லை.

அடுத்த வாரம் அவன் தனியாகப் போனான். இரண்டு மாசத்தில் செவ்வாய், வெள்ளி வந்தால் சொல்லாமலே குளித்தான், சவரம் செய்துகொண்டான், பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தான். வகுப்பில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பாட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வரி. மெட்டுப் போட்டது தம்பி. "டிரைவர் வரி என்ன தெரியுமா? 'இந்த ஸ்டாப்பில் யாரும் இறங்கவில்லை.' அழுகையா வருது, ஆனா தாளத்துல கச்சிதமா உட்காருது" என்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான். அக்கா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே சாப்பிடுகிற வழக்கம் அந்த வீட்டில் அற்றுப் போயிருந்தது.

மையத்தின் ஆண்டு விழாவில் அந்தப் பாட்டைப் பாடுவதாக முடிவானது. அன்று தம்பி பீரோ மேலிருந்து வயலினை இறக்கினான். புதுத் தந்தி போட்டான். வில்லுக்குப் புதுக் குதிரைமயிர் கட்டிக்கொண்டு வந்தான். முதல் நாள் வில் தந்தியில் நிற்கவே இல்லை, சூடான கல்லில் விழுந்த தண்ணீர் மாதிரித் துள்ளித் துள்ளி ஓடியது. அடுத்த அறையில் அக்கா காதைப் பொத்திக்கொண்டாள், சத்தம் தாங்காமல் அல்ல. அவன் பெட்டியை மூடி வைத்தான். மறுநாள் திரும்பவும் எடுத்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவள் ஏதோ யோசனையில் தம்ளரை நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டாள். அவன் வாங்கினான். குடித்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"கையைப் பாத்தியாக்கா? வாசிக்க வாசிக்க சரியாயிடுச்சு."

"டாக்டர்கிட்ட சொல்லணும்டா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"சொல்லலாம், விழா முடியட்டும்."

அந்த வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. மருந்தின் அளவு ரத்தத்தில் சரியாக இருக்கிறதா என்று மூன்று மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். ஒத்திகை இருக்கிறது, அடுத்த வாரம் போகலாம் என்றான். அவளும் சரி என்றாள்.

மாத்திரை அட்டையை அவள் பார்க்காமல் இல்லை. தினமும் இரண்டு குழி காலியாகிக்கொண்டுதான் இருந்தது. காலியான குழி வயிற்றுக்குத்தான் போனது என்று யார் சொன்னது? அந்தக் கேள்வி அவளுக்குள் எழாமல் இல்லை. கோட்டுக்கு நீராவி விடும்போது எழும், பஸ்ஸுக்கு நிற்கும்போது எழும். அவன் வேகமாகப் பேசினான், விடியுமுன் எழுந்தான், சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கி, தட்டினால் வரும் ஒலியின் வரிசையில் அடுக்கி வைத்தான். வீட்டுக்கு வந்தால் வயலின் கேட்கும். இழுத்த இழுப்புக்கு வரும் நீளமான நாதம், நடுவில் ஒரு பிசிறு இல்லாமல். வாசல்படியில் கைப்பையோடு நின்று அதைக் கேட்பாள். மாத்திரையைப் பற்றி இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு விசாரிப்போம் என்று உள்ளே போவாள்.

விழா நன்றாகவே நடந்தது. பாட்டுக்கு நடுவே வயலின் தனியாக ஒலித்த ஒரு நிமிஷம், பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலை நிமிர்த்தினார்கள். டிரைவர் தாளத்தை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அழுதாள். தெரிந்தே அழுதாள்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தம்பி வயலினோடு சலவைக் கடைக்குள் நுழைந்தான். சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தது. கால் வெறுங்கால். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் ரசீதோடு நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் கேக்கணும், அஞ்சே நிமிஷம்" என்று ஆரம்பித்தான். விரல் பறந்தது. முதலில் அழகாகத்தான் இருந்தது. பிறகு ஒரு மெட்டின் மேல் இன்னொன்று ஏறி, எதுவும் முடியாமல் எதிலிருந்தோ எதற்கோ தாவியது. வாடிக்கையாளர்கள் நழுவினார்கள். அவன் வாசிப்பை நிறுத்திவிட்டு, கம்பியில் வரிசையாகத் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தான்.

"இவங்களுக்கு எப்படிக் கேக்கும்? காதை மூடி வெச்சிருக்கீங்களே."

ஒவ்வொரு கோட்டாகப் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கத் தொடங்கினான். பத்து, இருபது, முப்பது. கோட்டுகள் கம்பியில் தோளாட்டிக்கொண்டிருந்தன. கடையில் கறை நீக்கும் வேலை பார்க்கிற பெரியவர் உள்ளிருந்து ஓடி வந்தார். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கை கல் மாதிரி இருந்தது. ஒரு துளி நடுக்கம் இல்லை. அவன் உதறினான். அவள் பின்னால் சாய்ந்து சூடான இஸ்திரிப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றிவிட்டாள்.

தோல் பொசுங்கிய வாடை வந்ததும் அவன் நின்றான். "அக்கா, நான் தள்ளலை" என்றான். ஒரு நொடி பழைய தம்பியின் குரல். உடனே அது மறைந்து, ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் கார்க்காரருக்குச் சகல வியாதியையும் தீர்க்கிற அந்த மெட்டை விளக்கிக்கொண்டே வந்தான்.

ரத்தத்தில் மருந்து இருந்த சுவடே இல்லை என்றார்கள். மாத்திரைகள் சமையலறைத் தொட்டியில் போயிருக்கின்றன, ஆறு வாரமாக.

டாக்டர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "வயலின் வாசிப்பாரா? எனக்குத் தெரியாதே" என்றார். முதல் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில், 'வேலை இல்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். "கை அவருக்கு இவ்வளவு முக்கியம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் கொஞ்சம் மாத்திப் பாத்திருக்கலாம். நடுக்கத்துக்குன்னு தனியா மாத்திரைகூட இருக்கு. பதினொரு வருஷமா யாருமே சொல்லலையேம்மா."

அக்கா கட்டுப் போட்ட முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நடையில் டீச்சர் காத்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்மேல கோபமா இருப்பீங்க."

"நீங்க கவனிச்சீங்களா?" என்று கேட்டாள் அக்கா. "கை நின்னு போனதை?"

டீச்சர் கைக்குட்டையை எடுத்தாள். "கவனிச்சேன். மாத்திரை ஒழுங்கா எடுக்கறீங்களான்னு கேக்கத்தான் போனேன். அப்போ அவர் வாசிச்சுக்கிட்டு இருந்தார்." கைக்குட்டையைக் கசக்கினாள். "முடிச்சதும் கேக்கலாம்னு நின்னேன். முடிச்சதும் கேக்கலை."

அக்கா அவளைத் திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டாள். இருவரும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து வாரம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். உடம்பு ஊதியிருந்தது, பேச்சு குறைந்திருந்தது. மாத்திரையை இப்போது அக்கா கையிலிருந்துதான் வாங்க வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டுவான். அவள் பார்ப்பாள். அந்த நேரத்தில் இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வையை இரண்டு பக்கமும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்.

"விழாவுல நான் நல்லா வாசிச்சேனா?"

பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அப்படிச் சொன்னால் திரும்பவும் அந்த ஆசைக்குப் போக மாட்டான். போர்வையின் நான்கு முனையும் சேரும் வரை யோசித்தாள்.

"நல்லா வாசிச்சே. அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதே இல்லை." அப்புறம் சொன்னாள்: "எனக்குத் தெரியும்டா. நீ தேநீரைச் சிந்தாம குடிச்ச அன்னைக்கே தெரியும். கேட்டா நீ வாசிக்கிறதை நிறுத்திடுவியேன்னு கேக்காம இருந்துட்டேன்."

அவன் போர்வையை வாங்கிக் கட்டிலில் வைத்தான். வெகுநேரம் அதன் சுருக்கத்தையே நீவிக்கொண்டிருந்தான்.

"கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா கேட்டிருக்கலாம்க்கா" என்றான்.

டாக்டர் அளவைக் கொஞ்சம் குறைத்து, நடுக்கத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை எழுதினார். நடுக்கம் பாதியானது, போகவில்லை. ஒரு நாள் மதியம் வயலினை எடுத்துப் பார்த்தான். சின்னச் சின்ன ஒலிகள் வந்தன. நீளமாக ஒன்றை இழுத்தபோது நடுவில் உடைந்தது. இன்னொரு தடவை இழுத்தான், அதே இடத்தில் உடைந்தது. வில்லைத் தளர்த்தி உள்ளே வைத்தான். பெட்டி இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பாட்டு வகுப்புக்கு மறுபடி போகத் தொடங்கியிருக்கிறான். அங்கே டிரைவரோடு சேர்ந்து அடிக்குரலில் பாடுகிறானாம். நாலு தடவையில் இரண்டு தடவை போவான். மற்ற இரண்டு நாளும் போர்வைக்குள்ளேயே கிடப்பான், அக்கா எழுப்பிப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கடைக்கு டீச்சர் போன் செய்தாள். "நாளைக்கு வருவாரா? புதுப் பாட்டு ஆரம்பிக்கிறோம்."

"காலையில எழுந்திருச்சான்னா வருவான்" என்றாள் அக்கா.

"எழுந்திருக்கலைன்னா நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வரலாமா? டிரைவர் கேக்கறார்."

அக்கா சற்று யோசித்து, வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொன்னாள். போனை வைத்துவிட்டு அடுத்த கோட்டை எடுத்துப் பலகையில் விரித்தாள்.